9.4 சதவீதம் சொல்லாதது

கருத்தடைத் தேவை நிறைவேறாத பெண்கள் 9.4 சதவீதம்தான், ஆகவே கிராமங்களுக்கும் சேவை போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு கட்டுரையாளர் முடிக்கிறார். அவர் காட்டும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பையே நானும் காட்டுகிறேன். அதில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண்களுக்கானது 0.3. அறுவை செய்துகொண்டவள் அந்தக் கணக்கில் என்றென்றைக்கும் 'தேவை நிறைவேறியவள்'. வேறு முறைகளை யாராவது அவளுக்குச் சொன்னார்களா, மாமியாரும் கணவனும் முடிவெடுத்தார்களா என்பதெல்லாம் அந்த 9.4-க்குள் வராது. 2014-இல் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர்கள் இந்த அளவுகோலின்படி சேவை பெற்றவர்கள்! இதையா வெற்றி என்பது?

சேவை போய்ச் சேர்ந்தது என்று சொல்ல, துணை சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதும் போதாது. அந்தரா கருத்தடை ஊசி போட்டவள் மூன்று மாதம் கழித்து, கூலியை விட்டுவிட்டு அட்டையோடு வரும்போது மருந்து இருப்பில் இருக்கிறதா? காப்பர்-டியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பாமல் அன்றே எடுக்கிறார்களா? கட்டுரையாளர் இவற்றை எண்ணிக் காட்டிவிட்டு எழுதட்டும்.