போனில் வரும் வைத்தியம்: கேட்டுவிட்டு நம்புவோம்



இம்முறை ஆசிரியர் தலையங்கத்தை நமது தவறொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். சில மாதங்களுக்கு முன் நமது சங்கத்தின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு காணொளி பகிரப்பட்டது. ஒரு கசாயத்தை நாற்பத்தெட்டு நாள் குடித்தால் சீனி வருத்தம் அடியோடு போய்விடும், ஆஸ்பத்திரி மாத்திரைதான் உடம்பைக் கெடுக்கிறது, இன்றே நிறுத்துங்கள் என்று அதில் ஒருவர் பேசினார். சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்தியும் கூட்ட அறிவித்தலும் வருகிற குழு அது. அதில் வந்ததால், சங்கமே சொன்னதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

கொழுந்து பறிக்கும் நமது சகோதரி ஒருவர் மாத்திரையை நிறுத்தினார். சீனி வருத்தம் கூடினால் காலில் உணர்ச்சி குறையும். கல் கிழித்தாலும் அட்டை கடித்தாலும் தெரியாது. ஆறுவதும் தாமதமாகும். அவருடைய காலில் பட்ட சிறு காயம் புண்ணாகிப் புரையோடி, ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் காணொளியை அனுப்பியவர் கெட்டவரல்லர். தன் தாய்க்கும் அதே வருத்தம் இருப்பதால், நாலு பேருக்கு உதவட்டும் என்று அனுப்பிய ஒரு தம்பி. அந்தச் சகோதரியிடமும் அவரது குடும்பத்தாரிடமும் நாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். மன்னிப்பு மட்டும் போதாது என்பதால் இதை எழுதுகிறோம்.

நம் மக்கள் ஏன் போனில் வைத்தியம் தேடுகிறார்கள்? படிப்பறிவில்லாததால் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நாம் அதை ஏற்கவில்லை. கிளினிக் போனால் அன்றைய பேர் போகும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். வரிசையில் அரை நாள் நின்று உள்ளே போனால், டொக்டருக்குத் தமிழ் தெரியாது, நமக்குச் சிங்களமோ ஆங்கிலமோ போதாது. மருந்துத் துண்டில் இருப்பதை வாசிக்க முடியாது. என்ன வருத்தம், ஏன் இந்த மாத்திரை, எத்தனை காலம் குடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் போனில் ஒருவர் நமது மொழியில், பொறுமையாக, "அம்மா" என்று அழைத்துப் பேசுகிறார். மனம் அவர் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை.

ஏமாறுவது நாம் மட்டுமல்ல. 2020 டிசம்பரில் கேகாலை மாவட்டத்தில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தடுக்கும் என்றார். நாடெங்கிலும் இருந்து ஆயிரக்கணக்கானோர், நோய் பரவிய அந்தக் காலத்திலேயே, அவர் வீட்டு வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் வாங்கினார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அதைக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அந்த அமைச்சருக்கே கொரோனா தொற்று உறுதியானது. தேன் நல்ல பொருள்தான், நாட்டு வைத்தியத்தையும் நாம் மதிக்கிறோம். ஆனால் பெரிய மனிதர் குடித்தார் என்பது ஒரு மருந்துக்குச் சான்றாகாது. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

ஆகவே, போனில் ஒரு வைத்தியச் செய்தி வந்தால், செய்வதற்கு முன்னும் பிறருக்கு அனுப்புவதற்கு முன்னும் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, யார் சொல்கிறார்? "கொழும்பு பெரியாஸ்பத்திரி டொக்டர் ஒருவர் சொன்னார்" என்பது மொட்டைக் கடிதம் போன்றது. பெயரும் வேலை செய்யும் இடமும் இருக்க வேண்டும். இந்நாட்டில் ஆங்கில வைத்தியர்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்திருக்க வேண்டும். சுதேச வைத்தியர்களுக்கும் பதிவு உண்டு. இப்போது கணினியைக் கொண்டு ஒரு டொக்டரின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்ய முடிகிறது. முகத்தைப் பார்த்தே நம்பிய காலம் போய்விட்டது.

இரண்டாவது, எந்த ஊர்ச் செய்தி, எப்போது வந்தது? நாம் பார்க்கும் தமிழ்க் காணொளிகளில் மிகுதி தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே அவசர அம்புலன்சுக்கு 108, இங்கே 1990. குளவி கொட்டி மூச்சுத் திணறும் ஒருவரை வைத்துக்கொண்டு 108 ஐ அழுத்திக்கொண்டிருந்தால் என்னவாகும்? சில செய்திகள் பல வருடங்களுக்கு முந்தியவை. நேற்று நடந்தது போலத் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன.

மூன்றாவது, யாருக்கு இலாபம்? பேச்சின் முடிவில் ஒரு போத்தலும் ஒரு வங்கிக் கணக்கு இலக்கமும் வந்தால், அது வைத்தியமல்ல, வியாபாரம். இலங்கையில் மருந்துகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட வேண்டும். முகநூலில் விற்கும் பெயர் தெரியாத தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது?

நான்காவது, என்ன செய்யச் சொல்கிறது? "எல்லா வருத்தத்துக்கும் இந்த ஒரே மருந்து", "டொக்டருக்குச் சொல்லாதீர்கள்", "மாத்திரையை நிறுத்துங்கள்", "உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வந்தால் அங்கேயே நிற்போம். சீனிக்கோ பிரஷருக்கோ வலிப்புக்கோ கொடுத்த மாத்திரையை, கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

போனில் வருவதெல்லாம் பொய் என்றும் நாம் சொல்லவில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு குடித்தால் சத்து உடம்பில் சேர்வது குறையும் என்று ஒரு செய்தி வந்தது. ஒரு தங்கச்சி அதைக் கிளினிக்கில் மிட்வைப் அம்மாவிடம் காட்டிக் கேட்டார். அது உண்மை. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். நாளெல்லாம் சாயம் குடிக்கும் நமக்கு இது பெறுமதியான செய்தி. வந்ததை அப்படியே நம்பாமலும் தூக்கி எறியாமலும் தெரிந்தவரிடம் கேட்ட அந்தத் தங்கச்சியின் வழிதான் சரியான வழி.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவிகளுக்கு ஏற்றப்படும் எச்.பி.வி. தடுப்பூசி பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்ற வதந்தி உண்டு. அது பொய். பெண்களுக்கு வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கவே அந்த ஊசி. ஆனால் அந்தப் பயத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். தோட்டங்களில் நம் தாய்மாருக்குச் சரியான விளக்கம் கொடுக்காமல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த காலத்தை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. அந்தப் பயத்தைப் போக்கத் தாய் தகப்பனுக்குத் தமிழில் விளக்கம் கொடுக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்க இடம் வேண்டும்.

யாரிடம் கேட்பது? தோட்ட வைத்திய உதவியாளர், மிட்வைப் அம்மா, பொதுச் சுகாதார பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆகியோரிடம் கேட்கலாம். சுகாதார அமைச்சின் 1999 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் கேள்வி வேண்டாம், 1990 ஐ அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

தொழிலாளி கேள்வி கேட்கக் கற்றால் மட்டும் போதாது. பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் ஆட்சி மொழியானது. மலையக ஆஸ்பத்திரிகளில் அது இன்னும் முழுமையாக வரவில்லை. தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் வேண்டும். மருந்து குடிக்கும் முறையைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வைத்திய உதவியாளர் இல்லாத தோட்டங்களில் வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. இவற்றை நிர்வாகங்களிடமும் சுகாதார அமைச்சிடமும் தொடர்ந்து வலியுறுத்துவோம்.

நமது பங்குக்கு, சங்கக் குழுக்களில் வைத்தியச் செய்தி எதுவும் விசாரிக்காமல் இனிப் போகாது. சந்தேகமான செய்தியைத் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். அவர் அதைச் சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டு, கிடைத்த பதிலைக் குழுவிலும் தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் சொல்வார்.

துரை நீட்டிய காகிதத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று நம் சங்கம் நமக்குச் சொல்லித் தந்தது. போனில் வரும் வைத்தியத்துக்கும் அதே பாடம்தான். நமது சகோதரி இழந்த விரல் திரும்பி வராது. இன்னொருவருக்கு அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது.