கை மாறுவது கம்பெனி, கலங்குவது தொழிலாளி!

பண்ணை கை மாறினால் பண்ணையாளின் கதி என்னவென்று கிராமத்துத் தோழர்களுக்குத் தெரியும். கம்பெனி கை மாறினாலும் அதே கதைதான். "யார் சீட்டுக் கிழியும்?" என்று ஒவ்வொரு தொழிலாளியும் தனியே கிடந்து தவிக்கிறான். இது வீண் பயமா? இல்லை.

2014-ஆம் ஆண்டைப் பாருங்கள். பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் கம்பெனிக்குப் புதிய தலைவர் வந்தார். ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் அதன் வசமாயிற்று. ஜூலையில் 18,000 பேர் வரை ஆட்குறைப்பு என்று அறிவித்தார்கள்; அதில் சுமார் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள்! வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையோ கைமாற்றத்தில் சேர்க்கப்படவே இல்லை. "விருப்ப ஓய்வு" என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. வழக்கு முதலாளிக்கும் சர்க்காருக்கும். அடி விழுந்ததோ தொழிலாளியின் வயிற்றில்!

சட்டம் காப்பாற்றுமா? 100 பேர் வேலை செய்யும் ஆலையிலேயே ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன்அனுமதி வேண்டும் என்றிருந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக உயர்த்திவிட்டது.

ஆகவே, வருகிற முதலாளி நல்லவரா கெட்டவரா என்று ஜோசியம் பார்ப்பதில் பயனில்லை. லாபக் கணக்கு யார் வந்தாலும் ஒன்றுதான். ஒருவருக்கும் வேலை போகாது, பழைய சர்வீஸ் தொடரும், கூலி குறையாது என்று சங்கத்துடன் எழுத்தில் ஒப்பந்தம் போடச் சொல்லுவோம். நிரந்தரம், பயிற்சி, காண்ட்ராக்ட் என்று பிரிந்து நின்றால் ஒவ்வொருவராகக் கழிப்பார்கள். நோட்டீஸ் ஒட்டும்வரை காத்திராதீர்கள். பேச்சு அடிபடும் அன்றே சங்கத்தைக் கூட்டுங்கள்!