வாசிப்புக் குறிப்பேடும் கிளிப்பிள்ளைக் கல்வியும்

இலக்கியக் கல்வி என்ற பெயரில் உயர்தர வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை நடைபெறுவது பெரும்பாலும் குறிப்புகளின் கைமாற்றமே. விரிவுரையாளர் தமது பழைய குறிப்பை வாசிக்கின்றார், மாணவர் எழுதிக்கொள்கின்றனர், பரீட்சை மண்டபத்தில் அது விடைத்தாளாகி அவரிடமே திரும்பிவிடுகின்றது. இச்சுற்றோட்டத்தில் மூலநூலை வாசிக்கவேண்டிய தேவை எவருக்கும் எழுவதில்லை.

மாணாக்கரைத் தரம்பிரித்த நன்னூலின் பொதுப்பாயிரம் அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கு உவமையாக்கிற்று. கிளிக்கு இடைத்தரத்தையே வழங்கிற்று. மேய்ந்ததை ஓரிடத்திலமர்ந்து அசைபோடுவது பசுவின் இயல்பு. சொன்னதைச் சொல்வது கிளியின் இயல்பு. 13ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பவணந்தியார் இரண்டாந்தரமெனக் கண்டதை இன்றைய பரீட்சை முறை முதலாம் வகுப்புச் சித்தியாக மதிக்கின்றது!

அசைபோடுவதற்குரிய இடமே வாசிப்புக் குறிப்பேடு. அது கதைச்சுருக்கம் எழுதும் ஏடன்று. மேற்கோள் திரட்டும் ஏடுமன்று. வாசிப்பவர் எங்கே தடைப்பட்டார், எதை ஏற்க மறுத்தார், நூலின் எவ்விடம் அவ்வெண்ணத்தைத் தூண்டிற்று என்பவற்றைத் திகதியிட்டு எழுதும் ஏடு அது. இடப்பக்கத்தில் முதல் வாசிப்பின் எண்ணம். வலப்பக்கத்தில் மறுவாசிப்பின் திருத்தம். முன்னையதை அழித்தல் ஆகாது.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கண்ணகி கற்பின் உருவம் என்ற விடையை வாசிக்காமலே எழுதலாம். வாசித்த மாணவரோ, அரசன் இழைத்த தவறுக்கு ஊர் எரிவது என்ன நீதி என வினவுவார். மீண்டும் வாசிக்கையில், அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விடுத்துத் தீயோரையே பற்றுமாறு அவள் தீக்கடவுளைப் பணித்தமை புலப்படும். முதல் வினா அங்கே திருத்தம் பெறும், ஆயின் முடிந்துவிடாது. அப்பட்டியலில் இடம்பெறாத எளிய குடிகள் யார் பக்கத்தவர் என்ற கூரிய வினா அடுத்து எழும். இவ்வினாவைப் பிறர் தந்த எக்குறிப்பும் மாணவருக்காக வினவித் தரமாட்டாது.

இது வெறும் அகவயப் போக்கு என்றும், பயிற்சியற்ற மாணவரின் அபிப்பிராயம் விமர்சனமாகாது என்றும் சிலர் மறுப்பர். ஐ. ஏ. றிச்சட்ஸ் கேம்பிரிட்ஜில் பதின்மூன்று கவிதைகளை ஆசிரியர் பெயரின்றி மாணவரிடம் கொடுத்து எழுத்திற் பதில் பெற்றார். 1929இல் அவர் வெளியிட்ட நூல், சிறந்த மாணவரும் பொருளைப் பிழைபட உணர்ந்தமையையும், வழக்கமான உணர்ச்சிகளைக் கவிதைமேல் ஏற்றியமையையும் காட்டிற்று. மறுப்போருக்கு இது சான்றாகத் தோன்றலாம். உண்மையில் இது அவர்களுக்கே எதிரான சான்றாகும். எழுதப்பட்டமையாலன்றோ அப்பிழைகள் வெளிப்பட்டன? மனப்பாடம் செய்த விடை பிழையுணர்வை மூடி மறைக்கின்றது. குறிப்பேடு அதனைத் திருத்தத்திற்கு உள்ளாக்குகின்றது. வர்க்கம், சாதி, பால் ஆகியவை வாசிப்பிற் புகும் விதத்தையும் மாணவர் தம் கையெழுத்திலேயே காண்பர். சமூகவியல் விமர்சனம் வேண்டுவோர் இதனை வெறுப்பதற்கு நியாயமில்லை.

குறிப்பேட்டைக் கொல்லும் வழியும் ஒன்றுண்டு: அதற்குப் புள்ளியிடுதல். புள்ளி வந்த மறுகணமே மாணவர் விரிவுரையாளர் விரும்புவதை எழுதத் தொடங்குவர். கிளி மீண்டும் கூட்டினுள் வந்தமரும். சிவப்பு மையாற் சரி பிழை இடுவதை விடுத்து, ஓரத்தில் ஒரு வினாவை எழுதித் திருப்பிக் கொடுப்பதே விரிவுரையாளரின் கடன். அவரும் அதே நூலுக்குத் தமது குறிப்பேட்டை எழுதி வகுப்பில் முன்வைப்பாராயின், மாணவரின் அச்சம் பாதி நீங்கும்.

இதற்கு நேரமில்லை என்பது இறுதிச் சாட்டு. பிறர் குறிப்பைப் பிரதிசெய்ய மூன்றாண்டோ நான்காண்டோ கிடைக்கும்போது, ஒரு நூலைச் சொந்தக் கண்ணால் வாசிக்க நேரமில்லை என்பது நகைப்பிற்குரியது. தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவர் எந்தவொரு தமிழ் நூலைப் பற்றியும் தமக்கென ஓர் அபிப்பிராயமின்றி வெளியேறி, நாளை ஆசிரியராகி, அதே குறிப்பை அடுத்த தலைமுறைக்கு ஓதுவாராயின், அக்குற்றம் மாணவரை மட்டும் சார்ந்ததன்று.