துணை நின்றார் யார்?

மதுரை மாநகருக்குப் பெருமைகள் பல உண்டு. தமிழ் வளர்த்த சங்கம், ஓங்கிய கோபுரங்கள், உறங்காத வீதிகள் என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும் இந்நகருக்கு ஒரு பழியும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆராயாது வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பால் எரிந்த நகர் என இலக்கியம் இதனைக் குறித்து வைத்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை வகுப்பறையில் பயிலும்போது, கண்ணகியின் சீற்றத்தில் மனம் தோய்ந்து நிற்கிறோம். அதனை ஒரு வழக்கின் ஏடாகப் படிப்பவர் மிகச் சிலரே. அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். கோவலனைக் கள்வன் என்று சுட்டியவனும் அவனே. குற்றம் செய்தவனே சாட்சியாகி நின்றான். அவன் சொல்லை வேறு சான்று எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் மன்னன் ஆணையிட்டான். கொலைக்களத்தில் காவலருள் ஒருவர் தயங்கவும் செய்தார். களவு நூலின் நுட்பங்களை எடுத்துரைத்துப் பொற்கொல்லன் அத்தயக்கத்தைப் போக்கினான். கல்லாத ஒருவன் வாளை வீசினான். உண்மை எப்போது வெளிப்பட்டது? சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்த பின்னரே வெளிப்பட்டது. அந்தச் சோதனையை ஒரு நாழிகை முன்னதாகச் செய்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

இக்கொலையில் குற்றவாளி யார்? துணை நின்றார் யார்? பொற்கொல்லன் மட்டுமா? வாள் வீசியவனா? ஆராயாத மன்னனா? தயங்கியும் தடுக்காமல் நின்ற காவலனா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

செவிவழி நீதிமன்றம்

இன்று கொலை வழக்குகளைக் கதையாகச் சொல்லும் 'பாட்காஸ்ட்' எனப்படும் ஒலித்தொடர்கள் பெருகிவிட்டன. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேருந்தில் வரும் மாணவர்கள், செவியில் கருவியைப் பொருத்திக்கொண்டு, என்றோ எங்கோ நடந்த கொலையின் கதையைக் கேட்டவாறு வருகின்றனர். இடைவேளையில் அது விவாதமாகிறது. "அவன்தான் செய்தான்" என்கிறார் ஒருவர். "அவனுடைய நண்பனுக்கும் பங்கு உண்டு, மனைவிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?" என்கிறார் மற்றொருவர். தேநீர் ஆறுவதற்குள் மூவருக்குத் தண்டனை வழங்கப்பட்டுவிடுகிறது!

இவ்வகைத் தொடர்களுக்கு உலகெங்கும் செல்வாக்குத் தேடித் தந்தது, 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'சீரியல்' என்னும் ஒலித்தொடர். 1999-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் ஹே மின் லீ என்னும் கொரிய வம்சாவளி மாணவி கொல்லப்பட்டார். அவருடன் பயின்ற அத்னான் சையத் என்னும் முஸ்லிம் இளைஞருக்கு 2000-ஆம் ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உடலைப் புதைக்கத் தாம் உதவியதாக ஒப்புக்கொண்ட ஒருவரின் வாக்குமூலமே அவருக்கு எதிரான முதன்மைச் சான்று. ஒலித்தொடர் எழுப்பிய ஐயங்களுக்குப் பின் வழக்கு பல திருப்பங்களைக் கண்டது. 2022-இல் தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் வெளியே வந்தார்; 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது; 2025 மார்ச்சில், குற்றத்தீர்ப்பு நீடிக்க, அனுபவித்த சிறைவாசமே போதும் என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. கோடிக்கணக்கானோர் கேட்ட பின்னும் "செய்தாரா, இல்லையா?" என்ற வினாவில் மக்கள் இரு கூறாகவே நிற்கின்றனர். இதற்கிடையே, கொல்லப்பட்ட பெண்ணின் உடன்பிறந்தவர், உலகம் கேட்டு மகிழும் இக்கதை தம் வீட்டில் ஓயாத துயரம் என்பதை நீதிமன்றத்தில் உருக்கமாக எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

தொலைவில் உள்ள நாட்டை விட்டுவிடுவோம். நம் மண்ணின் வழக்குகள் இரண்டை எண்ணிப் பார்ப்போம்.

மானாமதுரையில் திறந்த பெட்டி

மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையில் உள்ள மானாமதுரை நிலையம் மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊரைச் சேர்ந்தது. 1952 ஆகஸ்ட் இறுதியில், சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற போட் மெயில் வண்டியில் துர்நாற்றம் வீசுவதாகப் பயணிகள் முறையிட்டனர். அந்நிலையத்தில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோது தலையில்லாத உடல் ஒன்று கிடந்தது. அவ்வுடலில் இருந்த ஓர் அடையாளத்தைக் கண்டு, இறந்தவர் முஸ்லிமாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. பின்னர் சென்னை இராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் தடயவியல் அறிஞர் சி.பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இறந்தவர் முன்னர் இராணுவத்தில் பணியாற்றியவராதலால் அவருடைய கைரேகை பதிவேட்டில் இருந்தது. அவர் சென்னையில் பேனா வணிகம் செய்த ஆளவந்தார் என்பது உறுதியாயிற்று. முதற்பார்வையின் ஊகம் பொய்த்தது. பொறுமையான ஆய்வு வென்றது. ஓர் அடையாளத்தைக் கொண்டு மனிதனை அளப்பது எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

பம்பாயில் கைது செய்யப்பட்ட பிரபாகர மேனன், தேவகி தம்பதியர் மீதான வழக்கு 1953-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் முன்னிலையில் நடந்தது. கணவருக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தன. ஒரே வீட்டில் நடந்த ஒரே செயலுக்கு இருவேறு அளவுகள்! இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடாமல், ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்ததை ஈண்டுக் கருத வேண்டும். ஆயினும் அந்நாளில் ஊரார் பேச்சில் பெரிதும் அடிபட்டது இறந்தவரின் ஒழுக்கமே. கொலையுண்டவரையே கூண்டில் ஏற்றும் வழக்கம் இன்று புதிதாகத் தோன்றியதன்று.

சிறைக்குச் சென்ற இசை

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1944 நவம்பர் 8-ஆம் நாள், சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய இதழ்களில் திரையுலகினரின் அந்தரங்கத்தை எழுதிப் பலரின் பகையைத் தேடிக்கொண்டவர் அவர். கொலைச் சதியில் பங்கு கொண்டதாக எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். பாகவதரின் 'ஹரிதாஸ்' அப்போது திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. கோவைத் திரைப்பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945-இல் ஜூரியின் முடிவின்படி ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றத்தில் செய்த முறையீடும் பயனளிக்கவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு அது பணித்ததன் பின், 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர். ஏறத்தாழ முப்பது மாதங்கள் சிறையில் கழிந்துவிட்டன.

சட்டம் அவர்களை விடுவித்தது. சமுதாயம் விடுவித்ததா? கலைவாணர் மீண்டும் திரையில் எழுந்தார். பாகவதருக்கோ பழைய ஒளி திரும்பவேயில்லை. 1959-இல், ஐம்பது வயதும் நிறையாமல் அவர் மறைந்தார். வழக்கை விசாரித்த மன்றம் தன் பிழையைத் திருத்திக்கொள்ள வழியிருந்தது. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் வழங்கப்பட்ட தீர்ப்புக்கு மேல்முறையீடு ஏது?

சட்டம் சொல்லும் எச்சரிக்கை

குற்றத்தில் உடந்தையாக இருந்தவரின் சாட்சியை எப்படி மதிப்பது என்னும் வினாவுக்குச் சட்டம் நெடுங்காலமாக விடை தேடி வந்துள்ளது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் 133-ஆம் பிரிவில், உடந்தையாளரின் சாட்சியை மட்டும் நம்பித் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது. அதே சட்டம் 114-ஆம் பிரிவின் விளக்கத்தில், முக்கியமான விவரங்களில் வேறு சான்று துணை நின்றாலன்றி அவர் நம்பத்தக்கவரல்லர் எனக் கொள்ளலாம் என்றும் கூறியது. ஒரு கை கொடுத்ததை மறு கை பிடித்து நிறுத்தியது எனலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம், தன் 138-ஆம் பிரிவில் வேறு சான்றால் உறுதி செய்யப்பட்ட சாட்சி என்றே எழுதிவிட்டது. தன்னைக் காத்துக்கொள்ளப் பிறரைக் காட்டிக்கொடுப்பவனின் சொல்லை உரசிப் பார்க்காமல் ஏற்காதே என்பதே இதன் சாரம். பாண்டியன் அவையில் இல்லாமற் போனது இந்த ஒரு விதியே!

துணை நிற்றலிலும் படிகள் பல உண்டு. முன்கூட்டியே சதி செய்தவர் வேறு. பொது நோக்கத்துடன் உடன் நின்று செய்தவர் வேறு. கொலை முடிந்த பின் தடயத்தை மறைத்தவர் வேறு. கடைசியாகச் சொன்ன குற்றத்துக்கு, கொலையையே மறைத்தபோதிலும், ஏழாண்டு வரையிலான சிறையே உச்ச அளவு. அறிந்திருந்தும் வாளாவிருந்தவர் பலரைச் சட்டம் தொடுவதேயில்லை. அவரை மனச்சான்றே விசாரிக்க வேண்டும். இப்படிகளையெல்லாம் கலந்து, "எல்லோரும் கூட்டுக்களவாணிகள்" என்று ஒரே சொல்லால் முடித்துவிடுவது அறிவுடைமையாகாது.

அதே வேளையில், ஐயத்தின் பெயரால் உண்மையான துணைவர்களைத் தப்பவிடுவதும் நீதியாகாது. மேலூரை அடுத்த மேலவளவில், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரைச் சேர்ந்த ஐவரும் 1997 ஜூன் 30-ஆம் நாள், பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒரு கும்பல் செய்த கொலையில் எந்தக் கை எவரைக் கொன்றது என்று பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் சேலம் நீதிமன்றம் 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை வழங்கியது. குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்களை விடுவித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தது. கூட்டத்துள் ஒளிந்துகொண்டால் குற்றம் கரைந்துவிடாது என்பதும், கூட்டத்தோடு பெயர் சேர்ந்ததனாலேயே ஒருவர் குற்றவாளியாகிவிடார் என்பதும் ஒரே தீர்ப்பில் விளங்கின.

நாம் செய்ய வேண்டுவது

இத்தகைய ஒலித்தொடர்களைக் கேட்கவே கூடாது என்று பெரியவர்கள் சிலர் கூறுகின்றனர். அக்கருத்தை முழுதும் ஏற்க நம்மால் இயலவில்லை. மூடிய வழக்குகளின் கதவைத் தட்டி, மறைந்த சான்றுகளை வெளிக்கொணர அவை சில வேளைகளில் உதவியுள்ளன. கேள்வி கேட்கும் இளைஞரை அடக்குவதைவிட, சரியாகக் கேட்கப் பழக்குவதே ஆசிரியர் கடமை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துடன் நம் நாட்டு நீதிமன்றங்களிலிருந்து ஜூரி முறை விடைபெற்றது. இன்றோ கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் ஜூரிகளாகிவிட்டனர். உறுதிமொழி எடுக்காத, எதிர்த்தரப்பைக் கேட்காத, தவறினால் பொறுப்பேற்காத ஜூரிகள்! அவர்களுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாவா?

ஆகவே, ஒரு கொலைக்கதையைக் கேட்டு முடித்ததும் மூன்று வினாக்களை நமக்கு நாமே எழுப்பிக்கொள்வோம். இதைச் சொன்னவருக்கு இதனால் என்ன பயன்? அவர் சொல்லுக்கு அப்பாற்பட்ட சான்று, முத்தையும் மாணிக்கத்தையும் போல வேறுபடுத்திக் காட்டவல்ல சான்று, எங்கே இருக்கிறது? நாம் குற்றவாளி என்று கருதும் ஒவ்வொருவரும் எந்தப் படியில் நின்றார்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை "அறியோம்" என்று சொல்லப் பழகுவோம். அச்சொல் அறியாமையின் அடையாளமாகாது; அறிவின் முதற்படி அதுவே.

நான்காவதாக ஒரு கடமையும் உண்டு. மாண்டவரை மறவாதிருத்தல். ஆளவந்தாரும் லட்சுமிகாந்தனும் எத்தகையவராயினும், அவர்தம் உயிரைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஒரு பெயரை, ஒரு வகுப்பை, ஒரு தெருவைக் காரணமின்றிச் சந்தேகிக்கும் பேச்சு எழும்போது, அதற்குத் தலையசைக்கும் ஒவ்வொருவரும் அதன் துணைவரே. பொற்கொல்லன் பேசியபோது, தயங்கிய காவலன் தன் தயக்கத்தில் உறுதியாக நின்றிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். அக்காவலனிடம் இல்லாத அந்த உறுதி, இம்மதுரை மண்ணில் பயிலும் மாணவச் செல்வங்களிடம் இருக்க வேண்டும் என்பதே நம் விழைவு.