பட்டணத்துக் காலேஜா, பக்கத்துக் காலேஜா?

காலை ஏழரை மணிக்குப் பென்னலூரில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சென்னையிலிருந்து காலேஜ் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளைகள் இறங்குகிறார்கள். எதிர்ப்பக்கத்தில், பூந்தமல்லி பஸ்ஸுக்காகப் புத்தகப் பையுடன் வேறு சில பிள்ளைகள் காத்து நிற்கிறார்கள். அவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள்.

பட்டணத்துப் பிள்ளை படிக்க இங்கே வருகிறான். இந்த ஊர்ப் பிள்ளை படிக்கப் பட்டணம் போகிறான்! இருவரில் யார் புத்திசாலி?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் ஒவ்வொரு கோடையிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து வீடுகளில் எழும் கேள்வி இதுதான். கேள்வி சிறியது. ஆனால் அதன் பின்னால் நான்கு வருஷப் படிப்பும், சில லட்சம் ரூபாயும், ஒரு பிள்ளையின் வாழ்க்கையும் இருக்கின்றன.

நிலம் விற்ற பணம்

ஒரு தகப்பனாரை நினைத்துக் கொள்ளலாம். ஒரு காலத்தில் அவர் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. சிப்காட் வந்தது, நிலம் போனது. கிடைத்த பணத்தில் வீடு கட்டினார், மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். மிச்சம் பாங்கியில் இருக்கிறது. அது இளைய பெண்ணின் படிப்புக்கு.

"என்ன அண்ணே, பொண்ணை எங்கே சேர்க்கப் போறீங்க?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். "பட்டணத்திலே" என்று சொன்னால் மரியாதை. "இங்கேதான், பக்கத்திலே" என்று சொன்னால், "ஏன், மார்க் போதலையா?" என்று அடுத்த கேள்வி!

அந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனை தகப்பனார்கள் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள்! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் ஊர் வாய்க்காக உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டால், போன நிலம் திரும்பி வரப் போவதில்லை. ஆகையால் கையெழுத்துப் போடுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பட்டம் யாருடையது?

சென்னைக் கிண்டியில் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம்தான் பிற்பாடு என்ஜினீயரிங் காலேஜாக வளர்ந்தது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது கிண்டிக் காலேஜும், குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி.யும், ஏ.சி. டெக்கும், கட்டடக்கலைப் பள்ளியும் அதில் சேர்ந்தன. இந்த நான்கும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். இங்கே இடம் கிடைத்தால், சம்பளம் குறைவு, பெயர் பெரிது. கிடைத்தவர் யோசிக்க வேண்டியதே இல்லை.

கிடைக்காதவர்களுக்குத்தான் குழப்பம். 1984-ல் தமிழக அரசு சுயநிதிக் காலேஜ்களுக்கு வழி திறந்தது. மறு வருஷமே, 1985-ல், தொடங்கிய காலேஜ்களில் ஒன்றுதான் இன்று பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி. இதுபோன்ற இணைப்புக் காலேஜ்களில் படித்தவருக்குப் பட்டம் தருவது யார்? அண்ணா பல்கலைக்கழகமேதான். தன்னாட்சி பெற்ற காலேஜ் பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் தானே நடத்தலாம். ஆனால் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. அது சென்னைக்குள் இருக்கும் இணைப்புக் காலேஜுக்கும் பொருந்தும், பென்னலூருக்கும் பொருந்தும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வேறு வகை. அவற்றுக்குச் சேர்க்கை தனி, சம்பளம் தனி, பட்டமும் தனி. அங்கே சேர்ப்பது தவறல்ல. ஆனால் அரசின் கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்துக்கும் அங்கே கேட்கும் தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்தை மறந்துவிடுவோரும் உண்டு. அங்கே அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் காலேஜ் இருக்கிறது. பட்டணம் என்றால் கிழக்கே மட்டும்தான் பார்க்க வேண்டுமா? மேற்கேயும் ஒரு நகரம் இருக்கிறதே!

தூரத்தை மணியில் அளக்க வேண்டும்

பென்னலூரிலிருந்து கிண்டிக்கு நாற்பது கிலோமீட்டர் கூட இல்லை. "இதெல்லாம் ஒரு தூரமா?" என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே ஊர்ந்துதான் பூந்தமல்லியைத் தாண்ட வேண்டும்.

போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு நான்கு மணி நேரம். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 360 மணி. வருஷத்துக்கு 720 மணி. அதாவது இரவும் பகலுமாக முழுசாக முப்பது நாள். நான்கு வருஷத்தில் நான்கு மாதம் பஸ்ஸிலேயே போய்விடுகிறது! சென்னையிலிருந்து இங்கே வரும் பிள்ளைக்கும் கணக்கு இதுவேதான்.

ஆகவே, பட்டணத்தில் நல்ல இடம் கிடைத்தால் ஹாஸ்டலில் சேர்ப்பதே முறை. அதற்குப் பணம் இல்லையென்றால், தினம் பஸ்ஸில் அனுப்பித் தூங்கி வழிய வைப்பதைவிட, பக்கத்தில் உள்ள நல்ல காலேஜே மேல்.

பட்டணத்தில் கிடைப்பது எதுவும் இங்கே இல்லையா என்றால், உண்டு. 1896-லிருந்து இருக்கும் கன்னிமாரா நூலகமும், 2010-ல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் பென்னலூரில் இல்லை. பல ஊர்ப் பிள்ளைகளோடு பழகும் பழக்கமும், தனியாக நின்று சமாளிக்கும் தைரியமும் லேசில் வருவதல்ல. ஆனால் விடுதியில் இருப்பவனுக்குத்தான் இவை கிடைக்கும். மாலை நாலு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு நூலகத்தின் வாசல் கூடத் தெரியாது.

நோக்கியா சொல்லும் பாடம்

காலேஜுக்கு அடுத்தபடி, எந்தப் பாடம் என்ற கேள்வி. இந்த வட்டாரத்துக்கு அதில் ஓர் அனுபவம் உண்டு.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போனார்கள். இனி இந்த ஊருக்குக் கவலையில்லை என்று பேசிக்கொண்டார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. அந்தக் கம்பெனியை நம்பி 2010-ல் ஒரு பிள்ளை காலேஜில் சேர்ந்திருந்தால், பட்டத்தோடு வெளியே வந்த வருஷத்தில் கேட் பூட்டியிருந்திருக்கும்!

பிறகு அதே வளாகத்துக்கு வேறு கம்பெனி வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில் நிஸான் கார்களும் ராயல் என்பீல்டு வண்டிகளும் தயாராகின்றன. கம்பெனி வரும், போகும். இன்று எல்லோரும் கம்ப்யூட்டர் பாடத்துக்கே வரிசையில் நிற்கிறார்கள். மெக்கானிக்கல், சிவில் என்றால் முகம் சுளிக்கிறார்கள். வாசலிலேயே இத்தனை கார்த் தொழிற்சாலைகளை வைத்துக்கொண்டு முகம் சுளிப்பது விந்தைதான்.

கணக்கில் ஆசையுள்ள பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கட்டும். யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிற பிள்ளை மெக்கானிக்கல் படிக்கட்டும். இந்த வருஷத்து மார்க்கெட்டைப் பார்த்துச் சேர்த்தால், பிள்ளை வெளியே வருவது நான்கு வருஷம் கழித்து உள்ள மார்க்கெட்டில் என்பதை மறக்கக்கூடாது.

பெண் பிள்ளை என்றால்?

பையன் என்றால் பட்டணம், பெண் என்றால் பக்கத்து ஊர் என்று சில வீடுகளில் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இது நியாயமல்ல.

கிண்டிக் காலேஜ் 1940-ல் முதன்முதலாகப் பெண்ணைச் சேர்த்துக் கொண்டது. அவர் பெயர் அ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கையில் குழந்தையோடு இருந்தவர். அவர் தகப்பனார் அதே காலேஜில் பேராசிரியர். மகளை வீட்டில் உட்கார வைக்காமல், மின்சார என்ஜினீயரிங் படிக்க வைத்தார். அடுத்த வருஷம் லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சேர்ந்தார்கள். திரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை என்ஜினீயரானார்.

எண்பது வருஷத்துக்கு முன்பே அவர்களால் முடிந்தது, பென்னலூர்ப் பெண்ணால் முடியாதா? நல்ல மார்க் வாங்கிய பெண்ணை, தூரம் என்ற ஒரே காரணத்துக்காகக் கீழே இறக்கிச் சேர்ப்பது அவள் உழைப்பைத் திருடுவதற்குச் சமம்.

கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்

காலேஜைப் பார்க்கப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் வாசல் வளைவையும் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. சேரப்போகும் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்கள்? சோதனைச்சாலையில் யந்திரம் ஓடுகிறதா, துணி மூடிக் கிடக்கிறதா? அந்தப் பாடத்துக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா? அது பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகத் தருவது. காலேஜ் முழுவதற்கும் பொதுவல்ல. சென்ற வருஷம் படித்து முடித்த பிள்ளைகளை விசாரித்தால் அரை மணியில் உண்மை வெளிவந்துவிடும்.

பணத்துக்கும் வழிகள் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து என்ஜினீயரிங் இடங்களில் 7.5 சதவிகிதம் ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் காலேஜ் சம்பளமும் ஹாஸ்டல் செலவும் அரசுடையது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022-லிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றையெல்லாம் விசாரிக்காமல் பாங்கிப் பணத்தை எடுப்பது அவசரம்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை அண்டை வீட்டுக்காரரைக் கேட்டு நிரப்புவதும் தவறு. உண்மையாக எது வேண்டுமோ அதை முதலில் போட வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். "கிடைக்காது" என்று நாமே முடிவு செய்து கீழே போட்டால், கிடைக்கக்கூடியதும் கை நழுவிவிடும்.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர் காஞ்சிப் பக்கம் போய் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டார் என்று வரலாறு சொல்கிறார்கள். அவர் தேடிப் போனது நகரத்தை அல்ல, ஆசிரியரை. ஆசிரியர் சொன்னது மனத்துக்கு ஒப்பாதபோது அதை எடுத்துச் சொல்லவும் தயங்கவில்லை.

பிள்ளையைப் படிக்க அனுப்பும் தகப்பனாருக்கு இதைவிட வேறு யோசனை வேண்டியதில்லை. ஊரைப் பார்க்காமல் ஆசிரியரைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஒப்பவில்லையென்றால் அது சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். படிக்கப் போவது அந்தப் பிள்ளை, டீக்கடை அல்ல!