மலையில் கிடந்த சிப்பி



ராஸ் அல் கைமாவுக்கு அண்மையில் வந்து குடியேறிய சகோதரி ஒருவர் இம்முறை ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். "விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனோம். மகன் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அதில் சிப்பியின் அச்சு இருக்கிறது. மலையில் சிப்பி எப்படி வந்ததென்று நாள்தோறும் கேட்கிறான். என்ன சொல்வது?"

நல்ல கேள்வி. பதில் எங்கள் ஊர்க் கிணற்றடியிலேயே தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும். செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டியதும் சுண்ணாம்புக்கல் வந்துவிடும், பிறகு வெடிவைத்துத்தான் உடைக்க வேண்டும். காங்கேசன்துறையில் சீமெந்து செய்ததும் அந்தக் கல்லில்தான். முன்னொரு காலத்தில் ஆழமில்லாத கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் அடியில் படிந்து இறுகியதே அக்கல். ராஸ் அல் கைமா மலைகளும் பெரும்பாலும் அப்படி உண்டானவைதான். ஆனால் இவை எங்கள் கல்லை விட மிகப் பழையவை. பூமியின் தட்டுகள் ஒன்றோடொன்று மோதியதால் கடலடி உயர்ந்து மலையானது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் மிக உயரமான இடம் உள்ள ஜெபல் ஜைஸ் எழுந்து நிற்பதும் இங்கேதான்.

இந்த மலைகளுக்குள் வாடி பிஹ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. எங்கள் ஊரில் வாடி என்றால் மீனவர் தங்கும் கொட்டில். இங்கே வாடி என்றால் மழைக்கு மட்டும் ஓடும் ஆற்றுப் பள்ளம். இந்தப் பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகளில் 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு பேரழிவு பதிந்திருக்கிறது. அப்போது கடல்வாழ் இனங்களில் 100க்கு 90க்கு மேல் மறைந்தன. தரைவாழ் விலங்கினங்களிலும் பெரும் பகுதி அழிந்தது. டைனசோர்கள் அழிந்ததை விடப் பெரிய அழிவு இது.

காரணம் இங்கிருந்து மிகத் தொலைவில், சைபீரியாவில் இருந்தது. அங்கே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வழிந்தது. மேலே வழிந்ததை விட, நிலத்துக்குள் புகுந்த குழம்பு செய்த கேடு பெரிது என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். அது நிலக்கரி, உப்புப் படைகளுக்குள் புகுந்து அவற்றைச் சுட்டது. அடுப்பில் வைத்த மூடிய பானைபோல் நிலத்தடியில் வாயு பெருகி, குழாய்போலத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. காபனீரொட்சைட்டு வாயு வளியில் நிறைய, பூமி சூடேறியது. அயனமண்டலக் கடல்நீரின் வெப்பம் சுமார் 8 பாகையோ அதற்கு மேலோ உயர்ந்தது.

வாடி பிஹ் பாறைகள் இதில் என்ன சொல்கின்றன? எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ கிளார்க்சனும் பிற நாட்டு விஞ்ஞானிகளும் இங்கிருந்து கல் மாதிரிகளை எடுத்துச் சென்று ஆராய்ந்து, 2015 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் அளந்தது போரன் என்ற மூலகத்தை. போரனில் நிறை வேறுபட்ட இரண்டு வகை அணுக்கள் உண்டு. கடலில் சுண்ணாம்பு படியும்போது இவ்விரண்டும் எந்த விகிதத்தில் சேரும் என்பது அந்நீர் எவ்வளவு அமிலமானது என்பதைப் பொறுத்தது. ஆகவே கல்லை ஆராய்ந்தால் அன்றைய கடல்நீரின் தன்மையை அறியலாம்.

அவர்கள் கண்டது இது. அழிவு இரண்டு கட்டமாக நடந்தது. முதற் கட்டத்தில் வாயு மெதுவாகச் சேர்ந்தது. வெப்பத்தால் உயிர்கள் அழிந்தன. ஆயினும் கடல் அந்த வாயுவை உள்வாங்கிச் சமாளித்தது, அமிலமாகவில்லை. இரண்டாம் கட்டத்தில், சுமார் 10,000 ஆண்டுகளுக்குள், பெருந்தொகை வாயு விரைவாக வந்தது. அப்போது கடலால் தாங்க முடியவில்லை. நீர் சடுதியாக அமிலமாகி, தடித்த சுண்ணாம்பு ஓடு கட்டி வாழ்ந்த உயிரினங்கள் மடிந்தன.

இங்கே இருப்பவர்களுக்கு இதை விளக்க வாடியே போதும். தூறல் பெய்தால் சரளை நிலம் உறிஞ்சிவிடும், வாடியில் சொட்டு நீர் நில்லாது. அதே வாடியில் மலைமழை ஒரேயடியாக இறங்கினால் வாகனத்தையும் இழுத்துப்போகும். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி, 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் காணாத மழை இந்நாட்டில் பெய்தபோது அதைக் கண்டவர்கள் பலர். எவ்வளவு வருகிறது என்பதோடு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் முக்கியம்.

வாடி பிஹ்ஹில் மலை தானாகவே உயர்ந்து பழைய கடலடியைக் காட்டுகிறது. எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை. எம் உறவுகள் பலர் வாழும் நோர்வேயின் கரைக்கு அப்பால், 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இதே வகை எரிமலை வேலையொன்று நடந்தது. அப்போதும் பூமி 5, 6 பாகை சூடேறியது. ஆனால் அதன் தடயங்கள் கடலின் அடியில் கிடக்கின்றன. எனவே 2021இல் ஜோய்டிஸ் ரெசொலூஷன் என்ற கப்பல் அங்கே சென்று 10 இடங்களில் 21 துளைகள் இட்டது. குழாய்க்கிணறு தோண்டுவது போன்ற வேலைதான். ஆனால் நீருக்காக அல்ல. துளைக்குள்ளிருந்து நீண்ட உருளையாகக் கல்லையும் சேற்றையும் முழுதாக மேலே எடுத்து, அடுக்கடுக்காகப் படிப்பார்கள். நிலத்தடியில் வாயு வெடித்து வெளியேறிய வாயொன்றையும் துளைத்துப் பார்த்தார்கள். அது ஆழங்குறைந்த நீரில் திறந்ததால் வாயு கடலில் கரையாமல் நேரே வளியில் கலந்திருக்கலாம் என்று 2023இல் அறிவித்தார்கள்.

இவையெல்லாம் பழங்கதைதானே என்று நினைக்க வேண்டாம். வாடி பிஹ் ஆராய்ச்சியின் கணக்குப்படி, அந்த இரண்டாம் கட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 240 கோடி தொன் காபன் வெளியானது. இன்று மனிதர் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி தொன் காபனை வெளிவிடுகிறோம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று வெளியான மொத்தம் எம்மிடமுள்ள எரிபொருள் இருப்பை விட அதிகம், அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடித்தது. அந்த நிலைக்கு நாம் வந்துவிடவில்லை. ஆனால் வேகத்தில் எரிமலையையும் முந்திவிட்டோம். கடல்நீர் ஏற்கெனவே சற்று அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. எரிமலையை நிறுத்த எவராலும் முடியாது. எமது வேகத்தைக் குறைப்பது எம் கையில் இருக்கிறது.

நாங்களோ எண்ணெய் தரும் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கிறோம். கோடையில் மதிய வேளை வெளிவேலைக்குத் தடை விதிக்கும் அளவு வெப்பமும் எங்களுக்குத் தெரியும். ஊரிலோ எம்மவர் கடலோரத் தாழ்நிலத்தில் வாழ்கிறார்கள். ஆகவே இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக் கணக்கும்தான்.

சகோதரி, மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இந்த மலை ஒரு காலத்தில் கடலாக இருந்தது. இந்தச் சிப்பி அதிலே வாழ்ந்தது. கடல் எவ்வளவு தாங்கும், எப்போது தாங்காது என்று இந்த மலைக் கற்கள் எழுதி வைத்திருக்கின்றன." அந்தக் கல்லைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பெரியவனாகி அதைப் படிக்கிறவனாக வந்தாலும் வரலாம். இன்னொன்று, மலைமேல் மேகம் கறுத்திருந்தால் வாடிப் பக்கம் போகவே வேண்டாம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.