ஓ.டி.பி. சொல்லாமலேயே பணம் போனது எப்படி?

கேள்வி: "ஊர் வாட்ஸ்அப் குழுவில், பக்கத்துத் தெருக்காரர் எண்ணிலிருந்து 'பி.எம்.கிசான்' என்று ஒரு ஃபைல் வந்தது. அப்பா அதைத் திறந்திருக்கிறார். மறுநாள் பார்த்தால், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த பணத்தில் 38,000 ரூபாயைக் காணோம். அப்பா யாரிடமும் ஓ.டி.பி. சொல்லவில்லை. பிறகு எப்படி எடுத்தார்கள்? பணம் திரும்பக் கிடைக்குமா?"
- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: வந்தது படமோ, விண்ணப்பப் படிவமோ இல்லை. பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்திருக்கும். அப்படி இருந்தால் அது ஒரு செயலி. திறந்து நிறுவியதும் 'எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி' கேட்கும். அரசுத் திட்டத்தின் படத்தைப் பார்த்த நம்பிக்கையில் 'சரி' என்று அழுத்திவிட்டால், அதன் பிறகு அந்த செல்போனுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் திருடனுக்கும் போகும். ஓ.டி.பி-யும் குறுஞ்செய்தியாகத்தானே வருகிறது? ஆதார் எண், ஏ.டி.எம். கார்டு எண் போன்றவற்றை அந்தச் செயலியே படிவம் காட்டி வாங்கிக்கொள்ளும். வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

பக்கத்துத் தெருக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். அவர் செல்போனும் இதே வழியில்தான் மாட்டியிருக்கும். இப்போது அப்பாவின் எண்ணிலிருந்தும் உறவினர்களுக்கு அந்த ஃபைல் போயிருக்கலாம். 'திறக்காதீர்கள்' என்று குழுவில் உடனே சொல்லிவிடுவது நல்லது.

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். புகார் பதிவானதும், பணம் போன வங்கிக்குத் தகவல் கொடுத்து அங்கேயே நிறுத்திவைக்க முயல்வார்கள். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பான். ஏ.டி.எம்-மில் எடுத்துவிட்டால் மீட்பது கடினம். அதனால் திரும்பக் கிடைக்குமா என்பது, எவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்க இது நேரமில்லை. வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து, இரண்டு நாள் வெளியில் சொல்லாமல் இருப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-ம் ஆண்டு வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த மோசடியாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. கணக்கில் மீதிப்பணம் இருந்தால் இந்த விதி அதைக் காப்பாற்றும்.

செல்போனில் உடனடியாக இணையத்தை நிறுத்தி, சிம் கார்டைக் கழற்றிவிட வேண்டும். செயலியை நீக்கினால் மட்டும் போதாது. தேவையான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் கொடுத்து 'ஃபேக்டரி ரீசெட்' செய்துவிடுவதே பாதுகாப்பு. யு.பி.ஐ. பின் எண்ணை வேறு செல்போனிலிருந்து மாற்றுங்கள்.

பி.எம்.கிசானில் வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வருகிறது. இ-கே.ஒய்.சி-யை அரசு இணையதளத்திலோ, பிளே ஸ்டோரில் உள்ள அரசின் செயலியிலோ, பொது சேவை மையத்திலோ முடிக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல் எதற்கும் இதில் வேலையே இல்லை. சந்தேகம் இருந்தால் 155261 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று தினமும் வரும் குப்பைச் செய்திகளும் சும்மா தொல்லை மட்டும் இல்லை. 'உங்கள் கணக்கில் பணம் எடுக்கப்பட்டது' என்று வங்கி அனுப்பும் ஒற்றைச் செய்தி அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, பூஜ்யம் சேர்த்து 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் விளம்பரச் செய்திகள் குறையும். வங்கிச் செய்திகள் வழக்கம்போல வரும். திருடர்களை இது தடுக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

யு.பி.ஐ. பயன்படுத்தாத பெரியவர்களுக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. வங்கியில் கொடுத்திருக்கும் எண்ணின் சிம் கார்டை ஒரு பட்டன் போனில் போட்டு வைத்துவிடலாம். அதில் ஏ.பி.கே. ஃபைல் ஏறாது.